கற்பனை: கட்டளை முதல் கட்டுக்கதை வரை

சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஆவேசமாக எழுந்து, "என் பேச்சுக்கு உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம்" என்கிறார். அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் வினைச்சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் அது இல்லாததை இருப்பதாகச் சொல்வது. இன்னோரிடத்தில் தெரியாததைச் சொல்லித் தருவது. தமிழர்கள் இதில் ஒருநாளும் குழம்பியதில்லை. ஆனால் இந்த இரண்டு கற்பித்தலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கற்பனை என்ற சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பத்திரிகையில் சங்கடமான செய்தி வெளிவந்தால் மறுநாளே மறுப்பு அறிக்கை வரும்: செய்தி முற்றிலும் கற்பனையானது. திரைப்படம் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு வரும்: கதையும் பாத்திரங்களும் கற்பனையே. முன்னது குற்றச்சாட்டு, பின்னது தற்காப்பு. கவிஞரைப் பாராட்ட, "என்ன கற்பனை வளம்!" பக்கத்து வீட்டுக்காரரின் வாயை அடைக்க, "எல்லாம் உங்க கற்பனை." ஒரே சொல் பட்டமாகவும் இருக்கிறது, பழியாகவும் இருக்கிறது. இது சொல்லின் குற்றமல்ல. அது வந்த வழி அப்படி.

ஒழுங்கின் பெயர்

கற்பனைக்குத் தாய்ச்சொல் வடமொழியின் கல்பனா. தமிழில் லகரத்தை அடுத்து வல்லெழுத்து வந்தால் லகரம் றகரமாகும். பல் பொடி பற்பொடி ஆவதும், கல் சிலை கற்சிலை ஆவதும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கும் சலுகை கிடையாது. அல்பம் அற்பமாயிற்று, சில்பம் சிற்பமாயிற்று, கல்பகம் கற்பகமாயிற்று. கல்பனாவும் கற்பனை ஆகி, 'கல்' என்ற தமிழ் வினையிலிருந்து பிறந்த கற்றல், கற்பித்தல், கற்பு ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்கார்ந்துகொண்டது. கற்பனையும் அதே தமிழ் வேரில் முளைத்தது என்று வாதிடுவோர் உண்டு. காதுக்கு அது நியாயமாகத்தான் படும். ஆனால் சங்கற்பம், விகற்பம், காயகற்பம் என்று அதன் உடன்பிறப்புகள் எல்லாம் வடமொழிக் குடும்பத்தில் இருக்கும்போது இது ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

அந்தக் குடும்பத்தின் வேர்ப்பொருள்தான் வியப்பானது. பொருந்தச் செய்தல், முறைப்படுத்தல், ஆக்குதல் என்பதே அது. பொய் என்ற வாடையே அதில் இல்லை. வேதத்தின் ஆறு அங்கங்களில் ஒன்றான கல்பம், சடங்குகளை எந்த முறையில் செய்ய வேண்டும் என்று வகுக்கும் நூல்தொகுதி. பிரம்மாவின் ஒரு பகலாகச் சொல்லப்படும் 432 கோடி ஆண்டுகளுக்கும் கல்பம் என்றே பெயர். காலத்தை ஒழுங்காகக் கூறுபோட்டதால் வந்த பெயர். சங்கல்பம் என்பது மனத்தில் ஒன்றை உறுதியாக நிறுத்துவது. காயகல்பம் என்பது தளர்ந்த உடம்பை மறுபடி தகுதியாக்குவது. விகல்பம் என்பது மாற்று ஏற்பாடு. காத்திருப்புப் பட்டியலில் உள்ள பயணிகளுக்கு வேறு ரயிலில் இடம் தரும் திட்டத்தை ரயில்வே 2015ல் தொடங்கியபோது வைத்த பெயரும் அதுதான். டெல்லித் தமிழருக்கு 'விகல்ப்' என்றால் இன்னொரு ரயில். ஊரில் இருக்கும் அவருடைய அத்தைக்கோ, "விகல்பமா எடுத்துக்காதே" என்றால் தப்பாக நினைக்காதே என்று பொருள்.

வேர்ப்பொருளை இன்றும் அப்படியே காப்பாற்றி வைத்திருப்பது கேரளம். மலையாளத்தில் கல்பனா என்றால் முதன்மையாகக் கட்டளை. மன்னர் வாய் திறந்து பேசினாலே 'கல்பிச்சு' என்பது பழைய மரபு. தமிழிலும் இந்தப் பொருள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது. அதற்குச் சாட்சி தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு. மோசேக்குக் கிடைத்தவை அதில் பத்துக் கற்பனைகள். கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பவற்றைக் கற்பனை என்று சொல்வது இன்றைய இளைஞருக்கு விபரீதமாகப் படலாம். தேவாலயத்தில் அந்த மொழிபெயர்ப்பைக் கேட்டு வளர்ந்த பாட்டிக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. கட்டளையாக இருந்த சொல் கட்டுக்கதையாகச் சரிந்ததற்கு இடையில் சில தலைமுறைகளே கடந்திருக்கின்றன.

சரி, மலையாளி கற்பனைக்கு என்ன சொல்கிறார்? பாவனா. இதுவும் 'ஆக்குதல்' என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் தமிழ்நாட்டில் பாவனை என்றால் நடிப்பு. பாவ்லா காட்டுவதும் அதன் தூரத்து உறவு. இலங்கைத் தமிழருக்குப் பாவனை என்றால் பயன்பாடு. அங்கே பாவனையாளர் என்பவர் நடிகரல்ல, நுகர்வோர். அதே தீவில் சிங்களவருக்குப் பாவனா என்றால் தியானம். ஆயுர்வேத வைத்தியரைக் கேட்டால், சூரணத்தை மூலிகைச் சாற்றில் ஊறவைத்துத் திரும்பத் திரும்ப அரைப்பதுதான் பாவனை என்பார். அரைக்க அரைக்க மருந்தில் சாறு ஏறுகிறது. மனத்தில் ஓர் உருவத்தை விடாமல் நிறுத்தி ஏற்றுவதற்கும் அதே பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

பார்ப்பதும் செய்வதும்

மேற்கே நிலைமை வேறு. ஆங்கிலத்தின் இமாஜினேஷனுக்கு மூலம் இமாகோ என்ற லத்தீன் சொல். பொருள், உருவம் அல்லது பிரதி. கிரேக்கரின் ஃபான்டாசியா, 'தோன்றுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. வெளிச்சத்தைக் குறிக்கும் சொல்லோடு அதை உறவுபடுத்தினார் அரிஸ்டாட்டில். புலன்களில் தலைமையானது பார்வை, வெளிச்சம் இல்லாமல் பார்வை இல்லை என்பது அவருடைய காரணம். அரபு மொழியும் கண்ணின் பக்கம்தான். உருதுவுக்குப் போன தஸவ்வுர், படத்தைக் குறிக்கும் தஸ்வீரின் உடன்பிறப்பு. கயால் என்ற சொல்லுக்கு அரபியில் நிழலுரு, தோற்றம் என்ற பொருள் உண்டு. நிழற்பாவைக் கூத்துக்கு அங்கே அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் பெயர்.

ஆக ஏதென்ஸிலும் ரோமிலும் அரபு நாட்டிலும் கற்பனை என்பது மனக்கண்ணில் தெரிவது. வடமொழியிலோ அது கைவேலை. பார்ப்பவர் ஏமாறலாம், கண்ணுக்குத் தெரிவது கானல்நீராக இருக்கலாம். செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அது நிற்குமா, பொருந்துமா என்பதே அந்தக் கேள்வி.

செய்வதையும் சந்தேகித்தவர்கள் இந்தியாவில் இருந்தார்கள். பவுத்த தர்க்கவியலின் முன்னோடி திக்நாகர் அவர்களில் தலையாயவர். காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு அவரைப் பற்றிச் சொல்கிறது. புலன் நேரே அறிவது மட்டுமே காட்சி, அதோடு பெயரும் இனமும் குணமும் சேர்ந்த கணமே அது கற்பனை என்றார் அவர். வெள்ளையாக ஒன்று கண்ணில் படுகிறது, அதுவரை காட்சி. 'இது பசு' என்று மனம் சொன்னதும் கற்பனை தொடங்கிவிட்டது. இந்தக் கணக்கில் மனிதர் நாள் முழுவதும் கற்பனையில்தான் உழல்கிறார். சொல் இருக்கும் இடமெல்லாம் கற்பனை இருக்கிறது.

இலக்கியவாதிகள் இவ்வளவு கறாராக இல்லை. கி.பி. 900ஐ ஒட்டி வாழ்ந்த ராஜசேகரர், கவிஞரின் மேதைமைக்கு வழங்கிய பிரதிபை என்ற சொல்லை எடுத்து இரண்டாகப் பிரித்தார். படைப்பவரிடம் இருப்பது ஒன்று. படிப்பவரிடம் இருக்க வேண்டியது மற்றொன்று. கவிதைக்கு இரண்டு பேரின் கற்பனை வேண்டும் என்ற இந்தக் கருத்து ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. கவிஞருக்குக் கற்பனை போதவில்லை என்று விமர்சிக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. வாசகருக்குப் போதவில்லை என்று சொல்லும் துணிச்சல்தான் யாருக்கும் வரவில்லை.

ஐரோப்பியரும் ஒரு பிரிவினை செய்தார்கள். ஃபான்டாசியாவிலிருந்து வந்த ஃபேன்டஸி, 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் தேய்ந்து ஃபேன்ஸி ஆயிற்று. நெடுங்காலம் அதுவும் இமாஜினேஷனும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்கின. 1817ல் கவிஞர் கோல்ரிட்ஜ் இரண்டையும் பிரித்து வைத்தார். கரைத்து, கலைத்து, புதிதாகப் படைப்பது இமாஜினேஷன். நினைவில் கிடக்கும் துண்டுகளை இடம் மாற்றி அடுக்குவது மட்டுமே ஃபேன்ஸி. அன்று கீழே இறக்கப்பட்ட ஃபேன்ஸி பிறகு எழுந்திருக்கவே இல்லை. கடல் கடந்து வந்து, இன்று தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் வளையல், ரிப்பன், கிளிப் விற்கிறது. ஃபேன்ஸி ஸ்டோர், ஃபேன்ஸி நம்பர், ஃபேன்ஸி பட்டாசு. பள்ளி ஆண்டுவிழாவில் பாரதியார் மீசையோடு வந்து நிற்கும் குழந்தைக்கு ஃபேன்ஸி டிரஸ் போட்டியில் சோப்பு டப்பா பரிசு.

கணக்கோடு ஒரு கற்பனை

வேர்ப்பொருள் இன்றும் மேடையேறும் இடம் ஒன்று உண்டு. வடக்கே இந்துஸ்தானி சங்கீதத்தின் தலையாய வடிவத்துக்குப் பெயர் கயால். முகம்மது ஷா 1719 முதல் 1748 வரை டெல்லியில் ஆண்டபோது அவர் அவையில் இருந்த நியாமத் கான், சதாரங்க் என்ற முத்திரையில் இயற்றிய பாடல்கள் அதற்குப் புகழ் சேர்த்தன. தெற்கே கர்நாடக சங்கீதத்தில் கல்பனா ஸ்வரம். அரபு வழி வந்த சொல்லும் வடமொழி வழி வந்த சொல்லும் இசையில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் கற்பனை என்றே பொருள்.

ஆனால் கச்சேரிக்குப் போகும் யாரும் கல்பனா ஸ்வரத்தைக் கட்டற்றது என்று நினைக்க மாட்டார். ராகத்தின் ஸ்வரங்களை மீறக்கூடாது. தாளம் தவறக்கூடாது. எங்கெல்லாம் சுற்றினாலும் பாட்டின் எடுப்பில் வந்து சரியாக இறங்க வேண்டும். இறங்கினால் கைதட்டல், அரை மாத்திரை பிசகினால் முன்வரிசை மாமாக்கள் முகத்தைச் சுளிப்பார்கள். இங்கே கற்பனை என்றால் பொருந்தச் செய்தல். வேறென்ன? இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்பே இயற்றி முடிந்த கீர்த்தனைகளுக்குச் சங்கீதத்தில் கல்பித சங்கீதம் என்று பெயர். அங்கே கல்பிதம் என்றால் மாறாதது, உறுதியானது. அன்றாடத் தமிழில் கற்பிதம் என்றால் இட்டுக்கட்டியது.

1948ல் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த ஒரே திரைப்படத்துக்கும் இந்தப் பெயர்தான். 'கல்பனா' இந்திப் படம். படமாக்கப்பட்டதோ சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். நாட்டியப் பேரொளி பத்மினி முதலில் திரையில் தோன்றியது அதில்தான். நடனத்துக்கு ஒரு கலைக்கூடம் கட்ட வேண்டும் என்று ஒரு கலைஞர் காணும் கனவுதான் படத்தின் கதை.

2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட வானிலைச் செயற்கைக்கோளுக்கும் பிறகு இந்தப் பெயர் வந்தது. 2003 பிப்ரவரி 1ல் கொலம்பியா விண்கலம் சிதறி கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து அந்தச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று பெயரிட்டார் அன்றைய பிரதமர் வாஜ்பாய். மேகத்தையும் ஈரப்பதத்தையும் உள்ளது உள்ளபடி அளந்து சொல்ல வேண்டிய கருவிக்குக் கற்பனை என்று பெயர். யாருக்கும் அது முரணாகத் தோன்றவில்லை. தோன்றத் தேவையும் இல்லை.

மனப்பாலும் மண்டிகையும்

வெறும் ஆசைக் கற்பனையைக் கேலி செய்யவும் இந்தியாவில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. தமிழர் மனக்கோட்டை கட்டுவார், மனப்பால் குடிப்பார். தெலுங்கர் காற்றில் மாடி வீடு கட்டுவார். இந்திக்காரர் கயாலி புலாவ் சமைப்பார். அரிசியும் நெய்யும் இல்லாமல் எண்ணத்திலேயே ஆக்கிய புலாவ் அது. கன்னடர் மனத்துக்குள் மண்டிகெ தின்பார். மராட்டியர் தின்பதும் அதேபோல மனத்தில் மாண்டே. பூரணம் வைத்து, மெல்லியதாகத் தட்டிச் சுடும் இனிப்பு ரொட்டி.

பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் சிரிப்பு குறையும். பால், நெய்ச்சோறு, இனிப்பு, மாடி வீடு. எல்லாம் இல்லாதவர் வீட்டுக் கனவுகள். இருப்பவர் பாலை மனத்தால் குடிக்க வேண்டியதில்லை. கேலியாகச் சொன்ன இந்தத் தொடர்களில் இந்திய ஏழைகளின் சமையலறை அப்படியே பதிவாகியிருக்கிறது.

மனக்கோட்டை எல்லாம் வீண் என்று மரபும் சொல்லிவிடவில்லை. பெரியபுராணத்தின் பூசலார் கையில் காசில்லாதவர். மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சரைத் தேடி, அடித்தளம் போட்டு, சிகரம் வைத்து, கிணறும் வெட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய பல்லவ மன்னரும் அதே நாளைக் குறித்திருந்தார். அன்று பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று மன்னரின் கனவில் இறைவன் சொன்னதாகக் கதை. பூசலாரின் ஊரான திருநின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. பூசலார் கண்ணை மூடியதும் கோயில் பளிச்சென்று தோன்றிவிடவில்லை. நாள் பார்த்து, வரிசை பிசகாமல், ஒவ்வொரு கல்லாக அவர் அதைக் கட்டினார்.

பெயர் சொல்லாதே

வடமொழிச் சொல் வருமுன் தமிழர் என்ன சொன்னார்கள்? புனைதல் என்றார்கள். மாலை தொடுத்தாலும் புனைதல், அணி பூட்டினாலும் புனைதல், ஓவியம் தீட்டினாலும் புனைதல். வண்ணம் ஏறாத கோட்டோவியத்துக்குச் சங்க காலத்துப் பெயர் புனையா ஓவியம். இதுவும் கைவேலைச் சொல்தான். ஆங்கிலத்தின் ஃபிக்‌ஷனுக்கு மூலமான லத்தீன் வினையும் களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறித்தது என்பது அழகான ஒற்றுமை. புனைவுக்கும் பிறகு அதே சரிவு நேர்ந்தது. புனைபெயர் கவுரவமாகத் தப்பித்தது. புனைசுருட்டு காவல் நிலையம் வரை போய்விட்டது.

தொல்காப்பியம் கவிதையின் பொருளை இரண்டு வழக்குகளால் ஆனதாகச் சொல்கிறது. ஒன்று உலகியல் வழக்கு, மற்றது நாடக வழக்கு. உலகில் எங்கெங்கோ சிதறி நடப்பவற்றில் சுவையானவற்றைத் தேர்ந்து, எல்லாம் ஓரிடத்தில் நடந்ததுபோலத் தொகுப்பது நாடக வழக்கு என்பது இளம்பூரணர் விளக்கம். இதில் உண்மைக்கும் பொய்க்கும் சண்டையே இல்லை. உலகத்திலிருந்து எடுத்து, முறைப்படுத்தி வைப்பதுதான் புனைவு. கல்பனாவின் வேர்ப்பொருளும் இதுதானே?

அதே தொல்காப்பியம் ஒரு தடையும் விதித்தது. அகத்திணைப் பாட்டில் தலைவன், தலைவி உண்டு, தோழி உண்டு, செவிலி உண்டு. இன்னார் என்று சுட்டும் பெயர் வரக்கூடாது. 'பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே' என்ற இன்றைய அறிவிப்புக்கு முன்னோடி என்று இதைச் சொல்லலாம். காதலைப் பாடு, யாருடைய காதல் என்று சொல்லாதே என்பது இலக்கணம். பெயர் வந்தால் பாட்டு புறத்திணைக்குப் போய்விடும். யாரும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள்.

நவீன நாவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்கு ஊரும் தெருவும் சாதியும் கோயிலும் பெயரோடு வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வெளிவந்து நாலு ஆண்டு அமைதியாகத்தான் இருந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். நாவல் சொல்லும் வழக்கம் உண்மையில் இருந்ததா, ஆதாரம் எங்கே என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. இது நாவல்தானே என்பது ஆதரித்தவர்களின் பதில். 2016 ஜூலை 5ல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அவர் மறுபடியும் எழுதட்டும் என்றது.

அந்தச் சர்ச்சையில் இரண்டு தரப்பும் கையில் எடுத்தது ஒரே சொல்லைத்தான். 'கற்பனைதானே' என்று ஒரு பக்கம், 'கற்பித்துவிட்டாரே' என்று மறுபக்கம். முதலாவது நாவலை ஒன்றுமில்லாததாக்கி விடுதலை கேட்டது. இரண்டாவது அதைப் பொய்ச்சாட்சியாக்கித் தண்டனை கேட்டது. உலகியலிலிருந்து எடுத்து முறைப்படுத்துவது என்ற பழைய நடுப்பொருள் மொழியில் வலுவாக இருந்திருந்தால், குறைந்தபட்சம் சண்டையாவது சரியான இடத்தில் நடந்திருக்கும். கூட்டத்தின் கோபம் சொற்பொருளால் வந்ததல்ல என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கோபத்துக்கு எதிரே நிற்கக் கைவசம் இருந்த சொல் மெலிந்துபோயிருந்தது.

இல்லாத கோடுகள்

கற்பனை என்றால் இல்லாதது என்று பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது புவியியல் புத்தகம். நிலநடுக்கோடு ஒரு கற்பனைக் கோடு. தீர்க்கரேகைகளும் அப்படியே. மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகை எந்த வயலிலும் கண்ணில் படாது. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை, குஜராத்திலிருந்து அருணாசலம் வரை எல்லாக் கடிகாரமும் அதற்குக் கட்டுப்பட்டே ஓடுகிறது. கணிதத்தில் கற்பனை எண் உண்டு. அந்தப் பெயரை 1637ல் டெகார்ட் ஓர் ஏளனத் தொனியில்தான் வைத்தார். இன்று மாறுதிசை மின்சாரத்தைக் கணக்கிடும் பொறியாளர் அது இல்லாமல் ஓர் அடி நகர மாட்டார்.

சட்டமும் விதிவிலக்கல்ல. கோயிலில் உள்ள தெய்வத்தைச் சொத்துரிமை கொண்ட நபராக இந்தியச் சட்டம் ஏற்கிறது. 1925ல் பிரிவி கவுன்சிலும் இதை உறுதிசெய்தது. தஞ்சைப் பகுதியின் பத்தூர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டு லண்டன் போன நடராசரை மீட்கும் வழக்கில், சிதிலமாகிக் கிடந்த அந்தக் கோயிலையே வழக்காடும் தரப்பாக 1991ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. நடராசர் ஊர் திரும்பினார். கோயில் கூண்டில் ஏறிப் பேசாது. ஆனால் அதற்கு உரிமை உண்டு என்று சட்டம் பாவித்ததால் நிஜமான ஒரு சிலை நிஜமாகத் திரும்பி வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கற்பனைக் கோடு தேசத்தின் எல்லை. 1983ல் பெனடிக்ட் ஆண்டர்சன் தேசங்களைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதினார். ஒரு நாட்டின் மக்கள் ஒருவரையொருவர் பெரும்பாலும் சந்திக்கப்போவதே இல்லை. ஆனாலும் தாங்கள் ஒரே சமூகம் என்ற எண்ணம் ஒவ்வொருவர் மனத்திலும் வாழ்கிறது. அதை வளர்த்ததில் அச்சுக்கும் செய்தித்தாளுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது அவர் வாதம். இந்தக் கருத்து தமிழுக்கு வந்தபோது அறிவுலகம் தேர்ந்த சொல் கற்பிதம். தேசம் ஒரு கற்பிதம் என்று சொன்னால் தமிழ்க் காதில் விழுவது, தேசம் ஒரு புளுகு என்பது. ஆண்டர்சன் மறுத்ததே இந்த அர்த்தத்தைத்தான். தேசம் உருவாக்கப்படுவதைப் பொய்புனைவதோடு சமப்படுத்துகிறார் என்று எர்னஸ்ட் கெல்னரை அவர் அதே நூலில் குறை சொல்கிறார். முகம் பார்த்துப் பழகும் சிற்றூரைத் தாண்டிய எந்தச் சமூகமும் மனத்தால் ஆக்கப்பட்டதுதான், எப்படி ஆக்கப்பட்டது என்பதே கேள்வி என்பது அவர் நிலை. ஒரு சொல்லின் சாய்வால் ஒரு வாதமே தலைகீழாகிவிட்டது. ஒரு தரப்பு ஆண்டர்சனைத் தேசவிரோதி என்றது. மறுதரப்பு அதற்காகவே பாராட்டியது. இருவரும் கற்பிதத்தைப் படித்தார்கள்.

இப்போது இயந்திரமும் இந்தச் சந்தைக்கு வந்திருக்கிறது. கேட்டதும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு இல்லாத புத்தகத்தையும் நடக்காத வழக்கையும் சரளமாக மேற்கோள் காட்டும்போது, தொழில்நுட்ப உலகம் அதை ஹாலுசினேஷன் என்கிறது. அந்த வினைச்சொல்லைக் கேம்பிரிட்ஜ் அகராதி 2023ன் சொல்லாகவே தேர்ந்தது. தமிழில் பிரமை என்கிறார்கள், சிலர் கற்பனை என்றும் எழுதிவிடுகிறார்கள். பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் இதற்கு இன்னும் பொருத்தமான பெயர் இருக்கிறது. பொருள் எதுவும் இல்லாமல் சொல்லைப் பின்பற்றியே எழும் அறிவுக்கு அவர் வைத்த பெயர் விகல்பம். சொல்லுக்கு அடுத்த சொல்லைத் தேடிப் போகும் இயந்திரத்துக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் கிடைக்காது.

எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் செய்யக்கூடியது சிறிய காரியம்தான். கதையைப் புனைவு என்றே எழுதலாம். ஆதாரமில்லாமல் நோக்கம் ஏற்றுவதைக் கற்பித்தல் என்று தொடர்ந்து சொல்லலாம். அது அங்கே நன்றாகவே பழகிவிட்டது. தேசம், பணம், சட்டம், தீர்க்கரேகை போன்று மனிதர் கூடி ஆக்கியவற்றைக் கற்பிதம் என்று தள்ளாமல், ஆக்கம் என்ற சொல்லின் பக்கத்தில் வைக்கலாம். மறுப்பு அறிக்கைகளுக்கு உதவும் சொற்களோ ஏராளம். பொய், புளுகு, புரட்டு, சரடு, கப்ஸா, ரீல், கட்டுக்கதை, புனைசுருட்டு என்று வகைக்கு ஒன்றாக இருக்கின்றன. கற்பனைக்கு ஊரறிந்த சொல் ஒன்றே ஒன்றுதான். அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், நாளை நிஜமான கற்பனையோடு ஒருவர் வந்து நிற்கும்போது அவரை அழைக்க மொழியிடம் பெயர் இருக்காது.